பின் ஆக்சில்

வடிகால் போல்ட்டைத் திருகியதும்
தேன்போல் இறங்க வேண்டியது
கூழாக வந்தது.
இரண்டு சொட்டு விழும், நிற்கும்,
யோசித்து மறுபடி விழும்.

நாரினில் அன்று காலை மைனஸ் இருபத்திரண்டு.
குளிரில் இறுகிய எண்ணெய் என்றுதான் நினைத்தேன்.
விரலிடையில் தேய்த்தேன்.
இரும்பு என்றால் மினுங்கும்.
இது மினுங்கவில்லை, நார்நாராக இருந்தது.

மரத்தூள்.

நீ யார் என்று எனக்கு அப்போது தெரியாது.
உன் கையை மட்டும் பார்த்துவிட்டேன்:
நிரப்பும் துளையில் ஒரு காகிதப் புனல்,
இரண்டு கைப்பிடித் தூள்,
தேய்ந்த பற்களின் வாயில் துணி அடைப்பதுபோல்.
ஊளை அடங்கும்.
பணம் கைமாறும்வரை அடங்கினால் போதும்.

வண்டிக்காரன் சகினாலி
டொலோன் கணவாய் தாண்டிக் கொச்கோருக்கு ஆள் ஏற்றுபவன்.
நிவாவை வாங்கி நாலு மாதம்.
"அறுபதில் அழுகிறது, அக்கா.
காலை எடுத்தால் நிறுத்திவிடுகிறது."

புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன்.
இரு பக்கத்து ஆக்சில் ஷாஃப்டையும் உருவினேன்.
எட்டு போல்ட். ஏழு வந்தன.
எட்டாவதற்கு அரை மணி நேரம், ஊதுவிளக்கு,
ரஷ்ய மொழியில் நாலு கெட்ட வார்த்தை;
இரும்புக்கு அதுதான் புரியும்.
டிஃபரன்ஷியல் என் மடியில் வந்து இறங்கியது,
பிறந்த ஆட்டுக்குட்டி இரண்டின் எடையில்.

ஜன்னலருகே மண்ணெண்ணெயில் அலசியபோதுதான்
அந்த நிறம்.
சில இழைகளில், ஒரு பக்கம் மட்டும்,
காவிச் சிவப்பு.

எங்கள் பக்கம் அந்தச் சிவப்பைப் பூசுவது
யுர்த் கூடாரத்தின் வளைகம்புக்கு.
பழைய கம்பை இழைத்துச் செப்பனிடுகிறவன் பட்டறையில்
தரையெல்லாம் இப்படித்தான் கிடக்கும்.

சகினாலி குனிந்து பார்த்தான்.
நெடுநேரம்.
நான் எதுவும் கேட்காமலே,
"என் மனைவியின் அண்ணன்," என்றான்.
"சாவியைக் கொடுக்கும்போது அழுதார்."

கெட்டில் கொதித்து ஓய்ந்தது.
யாரும் ஊற்றவில்லை.

ஒரு சிட்டிகை எடுத்து
சிகரெட் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
"அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம்.
அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.
நீங்கள் எதையும் பார்க்கவில்லை, அக்கா."

கிரௌனும் பினியனும்
ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்.
ஒன்றோடொன்று அரைபட்டுப் பழகியவை,
பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் ஆயுசுக்கும் சண்டை.
பிஷ்கெக்கிலிருந்து வந்து சேர ஆறு நாள்.

பல்லில் நீலம் பூசி ஒரு சுற்று.
தடம் ஓரத்தில் விழுந்தது.
ஒரு ஷிம்மை எடுத்தேன். மறுபடி நீலம்.
இப்போது எதிர் ஓரம்.
ஐந்தாம் முறை, விளக்கு வைத்த பிறகு,
பல்லின் நடுவில் ஒரு பார்லி மணி அளவு.
இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று.
கூடினால் அடித்துக்கொள்ளும்.
குறைந்தால் எரியும்.

உன்னைத் திட்டத்தான் இதைத் தொடங்கினேன்.
ஆனால் பத்தொன்பது வயதில், கராகோலில்,
ஒரு வோல்காவுக்குள் நானும் போட்டிருக்கிறேன்.
வாழைப்பழம் இன்னும் நன்றாக அடக்கும் என்பார்கள்.
அந்த வருடம் வாழைப்பழம் வாங்க
யாரிடம் காசு இருந்தது?

நேற்று நீயே வந்தாய்.
நடந்து. பனி உன் பூட்ஸில் உருகியது.
கைமடிப்பில் காவித் தூள்.
"என் தங்கை வீட்டு நிவாவுக்கு என்ன செலவாயிற்று?"
சொன்னேன்.
பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணி வைத்தாய்,
இரண்டாம் முறை எண்ணினாய்,
ஒரு நூறு சோம் தாளைத் திரும்ப எடுத்தாய்,
பிறகு அதையும் வைத்தாய்.
"அவனிடம் சொல்ல வேண்டாம்."

பணம் ஷிம் டப்பாவில் கிடக்கிறது.
ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும்
சகினாலி ஆயில் மாற்ற வருவான்.
அதற்குள், பில்லில் எழுத
நம்பும்படியாக ஒரு பொய் வேண்டும்.